ரகம் தெரியாத பீச் மரம்

பழம் தின்பவர்கள் ஓர் இனம். பழத்தின் ரகம் விசாரிப்பவர்கள் வேறோர் இனம். இரண்டாவது இனத்துக்கும் வாய், பல், நாக்கு எல்லாம் உண்டு. ஆனால் அவை முதலில் பேசுவதற்கு, அப்புறம்தான் தின்பதற்கு. ஒரு தட்டில் பழத்தை நறுக்கி வைத்து, "எடுத்துக்கங்க" என்று சொல்லிப் பாருங்கள். நானும் நீங்களும் என்றால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். ரகம் பார்ப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். தோலைச் சுரண்டி முகர்வார். கொட்டை சதையோடு ஒட்டியிருக்கிறதா, விட்டிருக்கிறதா என்று நகத்தால் நெம்புவார். பிறகு, வீட்டில் திருட்டுப் போனதை விசாரிக்க வந்தவர் மாதிரி உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "இது என்ன ரகம்?"

"தெரியலைங்க. மார்க்கெட்ல வாங்கினது."

தொலைந்தீர்கள். அன்றைய மாலை இனி உங்களுடையது அல்ல.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டாகாது. வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், எது தாங்குமோ அதை நட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். பனி கொட்டும் ஊரில், எது சாகாதோ அதை நட்டுவிட்டுக் கும்பிடு போடுவார்கள். வெயிலும் முழுசாகக் காயாமல், குளிரும் முழுசாகக் கடிக்காமல், இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போகிற ஊர் இருக்கிறதே, அங்கேதான் ஆபத்து. அங்கே ஆப்பிளும் வரும், ஆரஞ்சும் வரும். பேரியும் வரும், அத்தியும் வரும். எல்லாமே வரும் என்பதால் எதை நடுவது என்று தெரியாமல் மனிதன் கெட்டுப்போகிறான்.

நம் ஆள் அப்படி ஓர் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை, மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்களிடம் ஒரு வில்லையைப் போட்டு "இப்ப நல்லா தெரியுதா?" என்றும், அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு "இல்ல, இப்ப?" என்றும் கேட்பதுதான் அவருடைய ஜீவனம். பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர் விட மாட்டார். "அவசரமில்ல. நிதானமாப் பாத்துச் சொல்லுங்க." கடைக்கு அது ரொம்ப நல்ல குணம். வீட்டுக்கு?

வீட்டுக்குப் பின்னால், நாலு கொடி கட்டித் துணி உலர்த்தும் அளவுக்கு ஒரு தோட்டம். அதன் நட்டநடுவில் ஒரு குழி. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அளவுநாடா வைத்து அவரே வெட்டியது. வெட்டி ஆறு வருஷம் ஆகிறது. அதில் ஒரு பூனை மூன்று தடவை குட்டி போட்டது. அடுத்த வீட்டுப் பந்துகள் எத்தனையோ அதற்குள் போய், பிறகு திரும்பி வந்தன. மின்சார மீட்டர் பார்க்க வருபவர் இரண்டு முறை விழுந்தார். மூன்றாம் முறை அதைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டார். மரம் மட்டும்தான் இன்னும் அதற்குள் போகவில்லை. காரணம், எந்த ரகம் என்று முடிவாகவில்லை.

முடிவாகாமல் இருப்பதற்கு அவர் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. தடித்த அட்டை போட்ட நோட்டுகள் நாலு இருக்கின்றன. தோல் நிறம், சதை நிறம், கொட்டை விடுமா விடாதா, எத்தனை நாளில் பழுக்கும், பறித்தபின் எத்தனை நாள் தாங்கும், எந்தப் பூச்சிக்குப் பிடிக்கும் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார். பீச் மாதிரியான மரங்கள் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிர் படவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது ரகத்துக்கு ரகம் மாறும். அதற்காகவே கொல்லைச் சுவரில் ஒரு வெப்பமானியை ஆணியடித்து மாட்டி, குளிர்காலம் முழுக்கக் காலையில் பல் துலக்கிக்கொண்டே அதன் முன்னால் நிற்பார். பல் துலக்கி முடிந்து பத்து நிமிஷமாகியிருக்கும். அவர் இன்னும் நிற்பார்.

இந்த இனத்துக்கென்று சில வசனங்கள் உண்டு. காதில் விழுந்தால் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். "மரம் வைக்கிறதுன்னா முப்பது வருஷ சமாசாரம்." "நல்ல ரகம்தான், ஆனா நம்ம மண்ணுக்கு யோசிக்கணும்." "இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்காம், அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்." கடைசியாகச் சொன்னதுதான் விஷம். புதுசாக ஒன்று வராத வருஷம் எது?

அந்த ஊர் நர்சரிக்காரருக்கு நம் ஆளின் தலை தெருமுனையில் தெரிந்தாலே தண்ணீர் ஊற்றுகிற வேலை ஞாபகம் வந்துவிடும். ஆறு வருஷத்தில் அவர் அங்கே கேட்ட கேள்விகளுக்கு ஒரு தோப்பே வைத்திருக்கலாம். வாங்கியது ஒரு மண்கரண்டி.

இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒரு மரம் இருந்தது. அதை அவர்தான் பார்க்கவில்லை.

அவர் மனைவி தையல்காரி. பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டி மெஷின். மூத்தவன் வேலைக்கென்றும் சின்னவள் படிப்புக்கென்றும் வெளியூர் போன பிறகு, பகல் முழுக்க அந்த அறையில் அவளும் மெஷினும்தான். ஒருநாள், யாரோ ஒரு வாடிக்கைக்காரி கொடுத்த பீச் பழத்தைத் தின்றுவிட்டு, கையில் வேலை இருந்ததால் கொட்டையை ஜன்னல் வழியே எறிந்தாள். ரகமா? அவள் கேட்கவில்லை. கொடுத்தவளும் சொல்லவில்லை. கொட்டையும் யாரையும் கேட்காமல் முளைத்தது. துணி அலசிய தண்ணீர் அந்தப் பக்கம் போகும். அதைக் குடித்துக்கொண்டு மூன்று வருஷத்தில் ஜன்னல் மேல்கட்டையைத் தாண்டியது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அவள் கண் தூரத்துக்கு எழும்பி அந்த இலைகளில் போய் நிற்கும். போன வருஷம் பதினாலு பூ பூத்தது. ஒன்றும் காயாக நிற்கவில்லை. ஆனாலும் பதினாலையும் அவள் எண்ணி வைத்திருந்தாள்.

நம் ஆள் அதை எப்போது கண்டுபிடித்தார்? அதன் நிழல் குழியில் விழுந்த அன்றைக்கு.

"இது என்ன?"

"மரம்."

"அது தெரியுது. என்ன ரகம்?"

"கொட்டை போட்டு முளைச்ச ரகம்" என்றாள் அவள், வாயிலிருந்த குண்டூசிகளை எடுக்காமலே.

அவர் முகம் சுண்டிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப்போய் இலையைப் புரட்டிப் பார்த்தார். தோட்டத்தைச் சுற்றி வந்தார். திரும்பி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று தீர்ப்பைச் சொன்னார்: "இதை எடுத்துடணும். கொட்டையில வந்தது எப்படிக் காய்க்கும்னு யாருக்கும் தெரியாது. வேலியில நிக்கிற செடி மாதிரிதான். நாளைக்கு நல்ல ரகம் ஒண்ணு குழியில வைக்கிறப்ப, இதுல இருக்கிற பூச்சியெல்லாம் அதுக்குத் தாவும்."

"குழியில எப்ப வைக்கப் போறீங்க?"

"அதுதான் பாத்துட்டு இருக்கேன்ல."

"ஆறு வருஷமா வெறும் காத்தைத்தான் வச்சிருக்கீங்க. இது என் ஜன்னல். இதுல கோடாலி பட்டுச்சுன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்."

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு அந்த மரம் வெறும் மரம் இல்லை. பிள்ளைகள் போன வீட்டில் அவளோடு தங்கிய ஒரே ஜீவன் அது. இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்தது. கண்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவர் மரத்தின் அடிப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாயத்துக்கு நர்சரிக்காரர் வந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தார். "வேரு அருமையா ஓடியிருக்கு சார். இதை எதுக்கு வீணாக்கணும்? இடுப்பு உயரத்துக்கு வெட்டிட்டு, நீங்க சொல்ற ரகத்துல குச்சி கொண்டாந்து ஒட்டுக் கட்டிடலாம். வேரு அம்மாவோடது, தலை உங்களோடது."

வெட்டிப் போடுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று அவள் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: ஒட்டுக் கட்ட வேண்டுமானால் ரகத்தை முடிவு செய்தாக வேண்டும்.

"எப்பக் கட்டணும்?"

"மொட்டு உடையறதுக்குள்ள. பத்து நாள்ல."

அந்தப் பத்து நாளில் அவர் பட்டபாட்டை எழுத்தில் வடிக்க முடியாது. நாலு நோட்டும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. கடையில் ஒரு கிழவருக்கு அவருடைய பேத்தியின் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். ஒன்பதாம் நாள் சாயங்காலம், முகமெல்லாம் வெளிறி, நர்சரிக்காரரிடம் ஒரு பெயரைச் சொன்னார். என்ன பெயர் என்கிறீர்களா? பொறுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

பத்தாம் நாள் மரத்தை வெட்டினார்கள். கிளையெல்லாம் மொட்டு தடித்திருந்தது. அவள் வெளியே வரவில்லை. மெஷின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருந்தாள். நர்சரிக்காரர் அடிமரத்தின் தலையில் மூன்று குச்சிகளைச் செருகி, நாடாவால் இறுக்கிக் கட்டி, மெழுகு பூசினார். நம் ஆள் தகரத் தகட்டில் ரகத்தின் பெயரை ஆணியால் குத்திக் குத்தி எழுதி, ஒரு குச்சியில் கம்பியால் தொங்கவிட்டார். அடிமரம் பிழைக்குமா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. தகடு ஆடாமல் நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்தார்.

மறு வாரமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரியான ரகத்தைத்தான் சொன்னோமா? வெளியூரில் ஒரு பழக் கண்காட்சி நடப்பதாகக் கேள்விப்பட்டு, கடையைப் பூட்டி, தான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பார்த்து வரப் புறப்பட்டார். அங்கிருந்து இன்னொரு தோட்டம், அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வர மூன்று வாரம் ஆனது.

அதற்குள் இங்கே நடந்தது இதுதான். முதல் குச்சி காய்ந்தது. இரண்டாவதும் காய்ந்தது. தகடு தொங்கிய மூன்றாவதில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அதுவும் ஒடிந்து விழுந்தது. போச்சு, மரமே போச்சு என்று அவள் ஜன்னலைச் சாத்தி வைத்தாள். ஐந்தாம் நாள் காற்றுக்காகத் திறந்தபோது, கட்டுக்குக் கீழே, அவளுடைய பழைய மரத்தின் பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. அவள் விழுந்தடித்து வெளியே ஓடினாள். காய்ந்த மூன்றையும் பிடுங்கி எறிந்தாள். வெட்டுப்பட்ட தலையில் வெயில் படாமல் இருக்க, லைனிங் துணியைக் கிழித்து அழுத்திச் சுற்றினாள். தகடு தரையில் கிடந்தது. குப்பையில் போடுவானேன், மனுஷன் கை வலிக்க எழுதியதாயிற்றே என்று, அந்தக் குருத்துப் பக்கத்தில் ஒரு கோல் நட்டு, அதில் நீல நூலால் கட்டித் தொங்கவிட்டாள்.

சத்தியமாக அவள் மனசில் அவ்வளவுதான் இருந்தது. நல்லவர்களை ஏமாற்றுக்காரர்களாக்குவது ஏமாறத் தயாராக நிற்பவர்கள்தான்.

அவர் பெட்டியைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனார். தகடு இருந்தது. பக்கத்தில் சாண் உயரக் கிளை இருந்தது.

"பிடிச்சிருச்சு!" என்று ஒரு கூச்சல்.

"என்னங்க, அது வந்து..." என்றாள் அவள்.

"நீ பேசாதே. இலையைப் பாரு! பழைய இலை இப்படியா இருந்துச்சு? இந்த நரம்பைப் பாரு. இந்தப் பளபளப்பைப் பாரு. இதுக்குத்தான் ரகம் ரகம்னு அடிச்சுக்கறேன்." பூதக்கண்ணாடி வந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். அவள் நடுவில் நாலு முறை வாயைத் திறந்தாள். ஐந்தாம் முறை, இந்தக் கிளைக்கு இவர் இனிக் கோடாலி தூக்க மாட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

நர்சரிக்காரர் வந்து பார்த்தார். அவருக்கு ஒரு பார்வை போதும். கட்டுக்குக் கீழே கிளம்பியிருப்பது எந்த மரம் என்று அவருக்குத் தெரியாதா? துணிக்கட்டைப் பார்த்தார். நீல நூலைப் பார்த்தார். ஜன்னலில் நின்றவளைப் பார்த்தார். தான் கட்டிய மூன்று குச்சியும் செத்துப்போன செய்தி ஊரில் பரவினால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு கணம் யோசித்தார்.

"ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கு சார்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் நம் ஆள் அடுத்த காரியத்தைச் செய்தார். இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிற ரகம் என்றால் குழிக்கும் இதுவே இருக்கட்டும் என்று, அதே பெயரில் ஒரு கன்று வாங்கி, ஆறு வருஷத்துக் குழியில் ஒருவழியாக நட்டார். மீட்டர் பார்ப்பவர் கைகொடுத்து வாழ்த்தினார்.

இரண்டாம் வருஷம் ஜன்னல் மரம் பூத்தது. அவள் எண்ண முடியாத அளவுக்குப் பூத்தது. அதில் பதினோரு காய் நின்று பழுத்தன. முதல் பழத்தைத் தின்ன அவள் தம்பியை வரவழைத்திருந்தார்; சாட்சி வேண்டுமே. தட்டு, கத்தி, தண்ணீர், நாலு நோட்டு எல்லாம் தயார். மச்சினனுக்கு முதலில் கடைப்பழம் ஒரு துண்டு. பிறகு ஜன்னல் மரத்துப் பழம் ஒரு துண்டு.

"எது நல்லாருக்கு? அதுவா? இல்ல, இதுவா? அவசரமில்ல."

"மாமா, இதுதான். இதுல சந்தேகமே இல்ல. இன்னொண்ணு குடுங்க."

நம் ஆளும் ஒரு துண்டை வாயில் வைத்தார். அப்புறம் சற்று நேரம் பேசவில்லை. அந்த வீட்டுச் சரித்திரத்தில் அது ஒரு முக்கியமான நிமிஷம். பேச்சு வந்ததும் சொன்னார்: "ரகம்னா இது! அந்தப் பழைய மரத்தை அப்படியே விட்டிருந்தா இது கிடைச்சிருக்குமா? நீயே சொல்லு."

அவள் முழுப் பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாறு முழங்கைவரை வழிந்தது. சிரிப்பில் புரையேறி, தம்பி அவள் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மறு வருஷம் குழிமரம் காய்த்தது. அது அசல், நர்சரியில் முறையாக ஒட்டுக் கட்டி, முறையாகப் பெயர் சொல்லி விற்றது. நாலு பழம். நம் ஆள் கடித்தார், மென்றார், துப்பினார். நாலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போய்க் குதித்தார்.

"போலியைத் தலையில கட்டிட்டீங்களே! தண்ணி மாதிரி இருக்கு. அசல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வீட்லயே வச்சிருக்கேன்யா!"

பாவம், நர்சரிக்காரர் என்ன சொல்வார்? எது அசல் என்று சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தலையைச் சொறிந்தார். நம் ஆள் மறுநாள் ஜன்னல் மரத்திலிருந்து ஒரு கட்டு குச்சி வெட்டிக் கொண்டுபோய், "இனிமே இதை வச்சுக் கட்டிக் குடுங்க. ஜனங்களை ஏமாத்தாதீங்க" என்று மேஜைமேல் வைத்தார். நர்சரிக்காரரும் வைத்துக் கட்டினார். இன்றைக்கு அந்த ஊரில் பாதி வீட்டுத் தோட்டங்களில், அவள் ஜன்னல் வழியே எறிந்த கொட்டை, எடுப்பான ஒரு பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்த்துக்கொண்டிருக்கிறது. வாங்கிப் போனவர்களும் பெயரைச் சொல்லித்தான் தின்கிறார்கள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. குழிமரத்தை வேரோடு பிடுங்கப் போகிறேன் என்று அவர் மண்வெட்டியோடு கிளம்பியபோது, மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். அது என்ன பாவம் செய்தது? அவர் கையைப் பிடித்து ஜன்னல் மரத்தடிக்கு இழுத்துப் போனாள். துணிக்கட்டை அவிழ்த்தாள். வெட்டுப்பட்ட தலையையும், கிளை அதற்குக் கீழேயிருந்து கிளம்பியிருப்பதையும் விரல் வைத்துக் காட்டினாள். காகம், நீல நூல், நர்சரிக்காரர், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள்.

"இப்ப நல்லா தெரியுதா?"

அவர் மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். அவர் மெதுவாகத் தகட்டைத் திருப்பி, ஆணிக் குத்தல்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற பிரியத்தோடு சொன்னார்:

"உனக்கு ரகத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பேரு எழுதியிருக்கு பாரு."

அவள் உள்ளே போய் மெஷினை மிதித்தாள். குழிமரமாவது பிழைத்தது. அவர் மண்வெட்டியைக் கீழே வைத்த கையோடு, நோட்டில் அதற்கென்று ஒரு புதுக் கட்டம் போட உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் இதையெல்லாம் படித்து, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தகட்டில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று நான் கடைசிவரை சொல்லவில்லை, பார்த்தீர்களா? மரம் பிழைத்தது, பழம் இனித்தது, அவள் சிரித்தாள், அதற்குமேல் என்ன வேண்டும் என்று நீங்கள் இருந்திருந்தால் கவலையில்லை. உங்கள் வீட்டில் எது நட்டாலும் காய்க்கும். அப்படி இல்லாமல், 'பெயரைச் சொல்லித் தொலையேன்யா' என்று எங்காவது ஓரிடத்தில் மனசு அரித்திருந்தால், அல்லது எங்காவது தவறவிட்டோமோ என்று இப்போது மேலே போய்த் தேடுவதாக இருந்தால், கொஞ்சம் எழுந்து உங்கள் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். பார்த்து நடங்கள். அங்கே எங்கேயாவது ஒரு குழி இருக்கும்.